ஏறும்போது இன்ஜின், இறங்கும்போது பிரேக்

திருமலைக்குப் போகிற வண்டிகளுக்குத் தேவஸ்தானம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. மலையேற 28 நிமிடம், இறங்க 40 நிமிடம். அதற்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் வேகமாக ஓட்டியதாக அர்த்தம், அபராதம் உண்டு. முதல்முறை வருகிறவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். ஏறுவதுதானே கஷ்டம், இறங்குவதற்கு எதற்குக் கூடுதல் நேரம்? பழைய கார் வாங்கி விற்கிறவர்களுக்கு இந்தச் சந்தேகம் வராது. ஏற்றம் இன்ஜினைச் சோதிக்கிறது, இறக்கம் பிரேக்கைச் சோதிக்கிறது. இன்ஜின் தோற்றால் வண்டி நிற்கும். பிரேக் தோற்றால் நிற்காது.

திருப்பதி, சித்தூர் வட்டாரத்தில் பழைய காரின் நம்பகத்தன்மையை எடைபோடும் பழக்கத்துக்கு ஏறக்குறைய எண்பது வருஷ வரலாறு இருக்கிறது. அந்த எண்பது வருஷத்தில் மலை மாறவில்லை. வாங்குகிறவனின் பயம்தான் இடம் மாறிக்கொண்டே வந்தது. முதலில் இன்ஜினைப் பற்றிப் பயந்தான். பிறகு பாடியைப் பற்றி. இப்போது பேப்பரைப் பற்றி.

1944க்கு முன்பு திருமலைக்கு வண்டியே கிடையாது. அலிபிரியிலிருந்து 3,550 படி ஏற வேண்டும். இல்லாவிட்டால் சந்திரகிரி பக்கத்து ஸ்ரீவாரி மெட்டு வழியாக ஏற வேண்டும். நடக்க முடியாதவர்கள் டோலியில் போனார்கள். சென்னை மாகாண கவர்னராக சர் ஆர்தர் ஹோப் இருந்த காலத்தில், 1944இல், முதல் மலைச்சாலை திறக்கப்பட்டது. அதன் வடிவமைப்பில் மோக்ஷகுண்டம் விஸ்வேஸ்வரய்யாவின் பெயர் சொல்லப்படுகிறது. 36 கொண்டை ஊசி வளைவுகள். 1974இல் இரண்டாவது சாலை வந்தபிறகு ஏறுவதற்குப் புதியது, இறங்குவதற்குப் பழையது என்று ஆனது. ஆக, சுமார் 19 கிலோமீட்டருக்கு வளைந்து வளைந்து இறங்கும் அந்தப் பழைய சாலையில்தான் இன்றைக்கும் எல்லா வண்டிகளின் பிரேக்கும் பரீட்சை எழுதுகிறது.

சாலை திறந்த நேரம் வினோதமானது. உலகப் போர் உச்சத்தில் இருந்தது. பெட்ரோலுக்கு ரேஷன். சென்னை மாகாணத்தின் பஸ்கள் பல, பின்னால் ஒரு கரி உலையைக் கட்டிக்கொண்டு கரிவாயுவில் ஓடின. டி.வி.சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் அதற்கென்றே ‘டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்’ தயாரித்தது. கரிவாயுவில் ஓடும் இன்ஜினுக்குப் பெட்ரோலில் கிடைக்கும் இழுவை கிடைக்காது, ஏற்றத்தில் மூச்சு வாங்கும். போதாக்குறைக்கு அதன் புகைக்கரி சிலிண்டருக்குள் போய் உட்கார்ந்து சுவரை அரிக்கும். போர் முடிந்து அந்த வண்டிகள் கைமாறியபோது எந்த இன்ஜின் கரி தின்றது, எது தின்னவில்லை என்பது பெரிய கேள்வியாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்கச் சிரமமில்லை.

போர் முடிந்ததும் ராணுவத்தின் உபரி வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. வில்லிஸ் ஜீப், டாட்ஜ், செவர்லே லாரி. இந்தியாவில் செகண்ட் ஹேண்ட் வண்டி என்பது பரவலான வியாபாரமானதற்கு இந்த ‘டிஸ்போசல்’ சரக்கும் ஒரு முக்கியக் காரணம். அந்த வண்டிகளுக்குப் பூர்வீகம் தெரியாது. யார் ஓட்டினார்கள், பர்மாவில் எந்தச் சேற்றில் புதைந்து கிடந்தது என்று சொல்ல ஆளில்லை. கேட்டு அறிய வழி இல்லாததால் வாங்குகிறவர்கள் பார்த்தும் தொட்டும் மோந்தும் அறியக் கற்றுக்கொண்டார்கள். மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய் வண்டி பார்க்கிற வழக்கம் இன்றும் நம் ஊர்களில் விடவில்லை.

அடுத்து வந்தது கார்ப் பஞ்ச காலம். 1950களின் கடைசியிலிருந்து 1983 வரை, இந்தியர் ஒருவர் கார் வாங்க நினைத்தால் அவர் முன் இருந்தவை பெரும்பாலும் மூன்றுதான்: உத்தரபாராவிலிருந்து வந்த அம்பாசடர், பம்பாயிலிருந்து வந்த ஃபியட், சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1959இல் மத்திய அரசு மோட்டார் கார் விநியோக, விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணையைப் போட்டது. புதுக் கார் எடுத்தவர் அனுமதியில்லாமல் இரண்டு வருஷத்துக்கு அதை விற்கக் கூடாது. ஏன் இப்படி ஒரு சட்டம்? எடுத்த கையோடு விற்றால் வாங்கிய விலையைவிட அதிகம் கிடைத்தது. காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். கார் விலையை யார் எப்படி நிர்ணயிப்பது என்கிற சண்டை சுப்ரீம் கோர்ட் வரை போய், 1972இல் தீர்ப்பு வந்தது.

பழைய கார் என்றால் மலிவான கார் என்பது நமது தலைமுறையின் எண்ணம். அன்றைக்கு அது விலை உயர்ந்த சரக்கு. அதனால் சோதனையும் கடுமையாக இருந்தது.

அந்தக் காலத்து மெக்கானிக் முதலில் கேட்கும் கேள்வி, “எத்தனை போர் ஆச்சு?” அம்பாசடரின் 1,489 சி.சி. இன்ஜின் வார்ப்பிரும்பு. சிலிண்டர் தேய்ந்தால் அதைக் கடைந்து அகலப்படுத்தி, அதாவது ‘போர்’ செய்து, பெரிய பிஸ்டன் போடலாம். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று ஓவர்சைஸ் பிஸ்டன்கள் கடையில் கிடைத்தன. அந்த எண் தெரிந்தால் இன்ஜினுக்கு இன்னும் எவ்வளவு ஆயுள் பாக்கி என்று சொல்லிவிடலாம். இருபதில் இருக்கிற இன்ஜினுக்கு இன்னும் இரண்டு ரீபோர் தாங்கும். நாற்பதைத் தாண்டியதற்கு ஸ்லீவ் அடிக்க வேண்டும். விற்கிறவர் பொய் சொன்னாலும் வண்டி சொல்லாது: ஸ்டார்ட் செய்து ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் போதும். தேய்ந்த இன்ஜின் அந்த வாய் வழியாகப் புகையை ஊதும். சைலன்சரில் நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, கார்பரேட்டரோடு முடிகிற விஷயம். இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப்புகை நிற்காவிட்டால் ஹெட் கேஸ்கெட் போய்த் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. அந்த வண்டியை விட்டு நடையைக் கட்டுவது நல்லது.

வண்டி பார்க்கப் போகிறவர் காலையில், இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போக வேண்டும் என்பதும் அந்தக் காலத்துப் பாடம்தான். போன உடனே பானெட்டில் கைவைக்க வேண்டும். சூடாக இருந்தால், வருவதற்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்து பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இதிலேயே இன்னொரு தந்திரம், புது பேட்டரி. கம்ப்ரஷன் குறைந்த இன்ஜினைக்கூட நல்ல பேட்டரி ஒரே சுற்றில் எழுப்பிவிடும். திருப்பதியை ஒட்டிய கரகம்பாடியில் 1985இல் தொடங்கிய அமர ராஜா நிறுவனம் நாடு முழுக்கக் காருக்கு பேட்டரி அனுப்புகிறது. உள்ளூர்க்காரருக்கு இந்தத் தந்திரம் தெரியாமல் போனால் அது அநியாயம்.

இத்தனையும் தரையில் பார்ப்பவை. மலையில் பார்ப்பது வேறு. திருமலை மூவாயிரம் அடி உயரத்தை ஒட்டி இருக்கிறது. ஐந்து பேரும் மூட்டைகளும் ஏறிய அம்பாசடர், இரண்டாவது கியரிலேயே நெடுநேரம் முனகிக்கொண்டு ஏறும். ரேடியேட்டரின் குழாய்களில் பாதி அடைத்திருந்தால் சமவெளியில் தெரியாது, பாதி மலையில் ஆவி கிளம்பும். கிளட்ச் பிளேட் தேய்ந்திருந்தால் இன்ஜின் சத்தம் கூடும், வண்டி வேகம் கூடாது. கருகிய வாடை வரும். பழைய காரில் மலைக்குப் போனவர்கள் டிக்கியில் தண்ணீர் கேனும் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க ஒரு கட்டையும் வைத்துக்கொண்டது இதனால்தான்.

இறக்கத்தில் அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் இருந்தது டிரம் பிரேக். தொடர்ந்து மிதித்தால் டிரம் சூடேறி விரிந்து, பிரேக் ஷூவை விட்டு விலகும். மிதி ஆழமாகப் போய்க்கொண்டே இருக்கும். மாற்றாமல் விட்ட பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். சூட்டில் அந்த ஈரம் ஆவியாகிவிட்டால் மிதி தரையைத் தொட்டும் வண்டி நிற்காது. ஏறின கியரிலேயே இறங்கு என்று டிரைவர்கள் சொல்வதன் காரணம் இது. வாங்கப் போகிற வண்டியை மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவந்து நிறுத்தினால், நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையை நீட்டிப் பார்க்கலாம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கொதித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறது. பத்து நிமிடம் ஊருக்குள் ஓட்டிப் பார்ப்பது பெரும்பாலும் சடங்குதான். ஓர் ஏற்றமும் ஓர் இறக்கமும் இல்லாமல் பார்த்த சோதனை பாதிச் சோதனை.

ஹெரால்டு வாங்கியவர்களின் கதை தனி. வண்டி கெட்டிக்காரத்தனமாகச் செய்யப்பட்டது. பானெட் முழுவதும் முன்பக்கம் சாய்ந்து திறக்கும், இன்ஜினைச் சுற்றி நின்று வேலை பார்க்கலாம். ஆனால் ஸ்டாண்டர்டு கம்பெனி 1985இல் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்ற பெரிய காரைக் கொண்டுவந்து, அது பெட்ரோல் குடித்தே தோற்று, அந்தத் தசாப்தம் முடிவதற்குள் கார் தயாரிப்பு நின்றுபோனது. அதன்பிறகு ஹெரால்டு வைத்திருந்தவர்கள் சின்னப் பொருளுக்கும் சென்னைப் புதுப்பேட்டைச் சந்துகளில் அலைந்தார்கள். வண்டியின் நம்பகத்தன்மை என்பது அதன் உதிரிபாகம் எங்கே கிடைக்கிறது என்பதையும் பொறுத்தது என்பதற்கு ஹெரால்டைவிட நல்ல சாட்சி இல்லை. நின்றுபோன மாடல் மலிவாகக் கிடைக்கிறதே என்று இன்றைக்கு ஆசைப்படுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800இன் சாவி டெல்லியில் கொடுக்கப்பட்டது. 796 சி.சி., மூன்று சிலிண்டர். நடுத்தர வர்க்கம் கார் வாங்கத் தொடங்கியதைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. பழைய கார்ச் சந்தைக்கு அது செய்தது வேறு. ஒழுங்காக ஆயில் மாற்றினால் லட்சம் கிலோமீட்டரை இன்ஜினைப் பிரிக்காமலே கடந்துவிடும் வண்டி அது. ‘எத்தனை போர் ஆச்சு’ என்ற கேள்வி மெல்ல மறைந்தது. தகடோ மெல்லியது. இடித்தால் நசுங்கும், ஈரம் தங்கினால் ஃப்ளோர் துருப்பிடிக்கும். இப்போது கேள்வி, “எங்கே டிங்கரிங் ஆச்சு?”

டிங்கரிங், பெயிண்டிங் இரண்டும் தென்னிந்திய ஷெட்டுகளில் கலையாகவே வளர்ந்திருக்கின்றன. நல்ல கைக்காரர் செய்த வேலையை வெயிலில் நிறுத்தி, ஓரமாகக் குனிந்து பார்த்தால்தான் தெரியும். கதவுக்கும் பக்கத்துத் தகட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒன்றாக இருக்கிறதா, ரப்பர் பீடிங்கை விலக்கினால் உள்ளே வேறு நிறம் தெரிகிறதா, ரேடியேட்டருக்கு முன்னால் குறுக்கே போகும் தகட்டில் கம்பெனி வைத்த வட்ட வட்டமான ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் அப்படியே இருக்கின்றனவா, ஸ்டெப்னி உட்காரும் குழியில் மடிப்பு விழுந்திருக்கிறதா. பட்டி பூசிய இடத்தில் காந்தம் ஒட்டாது. பம்பரும் கதவும் மாற்றியது குற்றமில்லை. நம் ஊர்த் தெருவில் ஓடிய காருக்கு அது சகஜம். வண்டியைத் தாங்கும் பில்லரிலும் சைடு மெம்பரிலும் கை வைத்திருந்தால் அந்த வண்டி எவ்வளவு மலிவு என்றாலும் வேண்டாம்.

திருப்பதியில் இன்னொரு சிக்கல் உண்டு. கிலோமீட்டர் இங்கே பாதிப் பொய். 1994இல் டாடா சுமோ, 2000இல் டொயோட்டா குவாலிஸ், 2005இல் இன்னோவா என்று குடும்பம் குடும்பமாக யாத்திரை போகும் வண்டிகள் வந்தபிறகு, இந்த ஊரின் டாக்ஸித் தொழில் அவற்றின் மேல்தான் நின்றது. மலைக்கு ஒருமுறை போய்வந்தால் சுமார் நாற்பது கிலோமீட்டர்தான் ஆகும். அதற்குள் கிளட்ச் நூற்றுக்கணக்கான முறை மிதிபடும். ஸ்டீரிங் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திரும்பிக்கொண்டே இருக்கும். மலைக்கு மட்டுமே ஓடி ஒரு லட்சம் காட்டும் வண்டியையும், சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் ஓடி இரண்டு லட்சம் காட்டும் வண்டியையும் பக்கத்தில் நிறுத்தினால், பின்னதைத் தேர்ந்தெடுப்பதே புத்திசாலித்தனம். ஆனால் சந்தையில் விலை மீட்டரைப் பார்த்துத்தான் போடப்படுகிறது. மீட்டரைத் திருத்துவது இருக்கவே இருக்கிறது. எண்கள் டிஜிட்டலாக மாறியபோது இந்த மோசடி ஒழியும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். மீட்டரை விட்டுவிட்டு பெடல் ரப்பரையும் டிரைவர் சீட்டின் தொய்வையும் ஸ்டீரிங்கின் வழவழப்பையும் பார்ப்பது மேல்.

மஞ்சள் போர்டு வண்டி வெள்ளை போர்டாக மாறி, ‘டாக்டர் ஓட்டினது சார், சிங்கிள் ஓனர்’ என்ற சொல்லோடு விற்பனைக்கு வருவதும் இந்தக் காலகட்டத்தின் விளைவே. இங்கேதான் பயம் மூன்றாவது இடத்துக்கு, ஆர்.சி. புத்தகத்துக்கு, நகர்கிறது.

பேப்பர் விஷயத்தில் சித்தூர் சாதாரண மாவட்டம் இல்லை. 1911இல் வட ஆற்காடு, கடப்பை மாவட்டங்களிலிருந்து துண்டுகளை எடுத்துத் தைத்த மாவட்டம் அது. 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது அங்கே போயிற்று. ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டம் திருப்பதியையும் கேட்டது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டாரம் மட்டும் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. இன்றைக்குத் தமிழ்நாடு, கர்நாடகம் இரண்டின் எல்லையும் தொட்டுக்கொண்டிருக்கும் அந்த வட்டாரத்தில் டி.என்., கே.ஏ., ஏ.பி. என மூன்று மாநில எண்களும் ஒரே தெருவில் நிற்கும். ஆயுள் வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. விலையும் வேறு. அதனால் வண்டிகள் எல்லை தாண்டுகின்றன. சட்டம் சொல்வது இது: வேறு மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புது எண் வாங்க வேண்டும்; அதற்குப் பழைய ஆர்.டி.ஓ.விடமிருந்து தடையின்மைச் சான்று வர வேண்டும். ஆயுள் வரியைப் புது மாநிலத்தில் மறுபடி கட்ட வேண்டும். வாங்கும்போது மலிவாகத் தெரிந்த பக்கத்து மாநிலக் கார், இந்தச் செலவையெல்லாம் கூட்டினால் பெரும்பாலும் மலிவு இல்லை. டெல்லியில் பத்து வருஷ டீசலுக்கும் பதினைந்து வருஷ பெட்ரோலுக்கும் தடை வந்ததால் தெற்கே இறங்கிய கார்களுக்கும் இதே கணக்குத்தான்.

எல்லைப்புறத்துக்கே உரிய இன்னொன்று செம்மரம். சேஷாசலம் காடுகளிலிருந்து செம்மரம் கடத்தும் கும்பல்கள் சுமோ, குவாலிஸ், ஸ்கார்பியோ என்று கிடைத்ததையெல்லாம் பயன்படுத்தின. போலி எண் பலகை மாட்டுவது வழக்கம். பிடிபட்ட வண்டிகள் வனத்துறை வளாகங்களில் வெயிலில் காய்ந்து, சட்ட நடைமுறை முடிந்து ஏலத்துக்கு வருகின்றன. தேவஸ்தானமும் தான் ஓட்டிக் கழித்த வண்டிகளை அவ்வப்போது ஏலம் விடுகிறது. இரண்டும் ‘உள்ளது உள்ளபடி’ ஏலம். கழித்த வண்டிக்குப் பூர்வீகம் தெரியும், பிடிபட்ட வண்டிக்குத் தெரியாது. ஏலத்தில் வந்த வண்டியைக் கைமாற்றி வாங்குகிறவர் ஏல உத்தரவின் நகலைக் கேட்பது அவசியம். எந்த வண்டியானாலும் ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணையும் வண்டியில் பொறித்த எண்ணையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும். மாருதி என்றால் எம்.ஏ.3, டாடா என்றால் எம்.ஏ.டி., ஹூண்டாய் என்றால் எம்.ஏ.எல். என்று பெரும்பாலும் அது தொடங்கும். பொறித்த இடத்தில் அரம் போட்ட தடமோ தனியாகப் பெயிண்ட் அடித்த பளபளப்போ இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது.

சித்தூருக்குப் பக்கத்துக் காணிப்பாக்கம் விநாயகர், பொய்ச் சத்தியத்தைப் பொறுக்காதவர் என்று பெயர் வாங்கியவர். தகராறு உள்ளவர்கள் அங்கே போய்ப் பிரமாணம் செய்வார்கள். அதே கோயிலுக்குத்தான் வாங்கிய வண்டியைப் பூஜைக்கும் கொண்டுவருகிறார்கள். விற்கிறவரையும் கூடவே அழைத்துவந்து, வண்டி அடிபடவில்லை என்று சொல்லச் சொன்னால் பாதி வியாபாரம் நின்றுபோகும்.

விற்கிறவனுக்குத் தெரிந்தது வாங்குகிறவனுக்குத் தெரியாது என்ற இந்தப் பழைய சங்கதியை வைத்து அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மூன்று இதழ்கள் திருப்பி அனுப்பிய கட்டுரை; 2001இல் அதற்காக நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நல்லதையும் மோசத்தையும் பிரித்தறிய முடியாத சந்தையில் விலை சராசரிக்கு இறங்கும், நல்ல கார் வைத்திருப்பவர் விற்க வரமாட்டார், கடைசியில் மோசமானவை மட்டுமே மிஞ்சும் என்பது அவர் வாதம். 1967–68இல் அவர் டெல்லியில் ஒரு வருஷம் தங்கியிருந்தார். அந்தக் கட்டுரையில் இந்தியக் கிராமத்து வட்டிக்கடைக்காரரும் வருகிறார்: கடன் வாங்குகிறவரை நேரில் அறிந்தவரே துணிந்து கடன் கொடுக்க முடியும் என்பதற்கு உதாரணமாக. 1979இல் சென்னையில் தொடங்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ் அதே அறிவை வைத்துத்தான் வளர்ந்தது. வங்கிகள் தொடத் தயங்கிய பழைய லாரிக்கு, லாரியையும் அதை ஓட்டுகிற ஆளையும் நேரில் பார்த்துக் கடன் கொடுத்தது.

மாருதியே 2001இல் பழைய கார் விற்க ‘ட்ரூ வேல்யூ’ கடை திறந்தது. பின்னர் இணையக் கம்பெனிகள் வந்தன. நூற்றுக்கணக்கான அம்சங்களைச் சோதித்ததாகச் சான்றிதழ் தருகிறார்கள். ஒரு வருஷ வாரன்டி கொடுக்கிறார்கள் என்றால் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். சான்றிதழ் கையில் இருக்கிறதென்று சீட் பெல்ட்டை இழுத்துப் பார்க்காமல் விடக்கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய கார்களில் பல, கழுவித் துடைக்கப்பட்டுச் சந்தைக்குத் திரும்பின. சீட்டைக் கழுவுகிறவர்கள் சீட் பெல்ட் சுருளின் கடைசி ஓரத்தைக் கழுவ மறந்துவிடுவார்கள். முழுவதும் வெளியே இழுத்தால் சேற்றுக் கோடு தெரியும்.

பேப்பரை அலட்சியம் செய்தால் வாங்கியவர் மட்டும் அவதிப்படுவதில்லை, விற்றவரும் மாட்டுவார். 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்த நவீன்குமார்–விஜய்குமார் வழக்கில் விஜய்குமார் 2007இலேயே காரை விற்றுவிட்டார். அது பலர் கைமாறி வேறொருவரிடம் இருந்தபோது, 2009இல் விபத்து நடந்தது. ஆர்.டி.ஓ. பதிவில் அப்போதும் விஜய்குமார் பெயரே இருந்ததால் நஷ்ட ஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இந்த ஓட்டையை அடைக்க மத்திய அரசு 2022 டிசம்பரில் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. 2023 ஏப்ரல் 1 முதல், பழைய கார் வியாபாரம் செய்கிறவர் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும். வண்டி அவர் கைக்கு வந்ததும் அதைப் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் வசம் இருக்கும்வரை அதற்கு அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். அடுத்தமுறை பழைய கார் விற்கும் கன்சல்டிங் கடைக்குள் நுழையும்போது, விலை பேசுவதற்கு முன்னால் அந்தச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள்.